படிப்பா விளையாட்டா: பத்தாம் வகுப்பு முடித்த ஆட்டக்காரருக்கு மூன்று வழிகள்

பதினைந்து வயதில் மாநில அளவில் ஆடும் பிள்ளை இருக்கும் வீட்டில் மே மாதம் நிம்மதியாகக் கழிவதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு இரண்டு பக்கமும் பேச்சு ஆரம்பித்துவிடும். பயிற்சியாளர் அப்பாவைத் தனியே அழைத்து, "பையனிடம் திறமை இருக்கிறது சார், இரண்டு வருடம் முழுமையாக என்னிடம் விட்டுவிடுங்கள், பள்ளிக்கூடம் எங்கே ஓடிவிடப் போகிறது" என்பார். வீட்டுக்கு வரும் பெரியப்பா, "விளையாட்டு சோறு போடுமா" என்று கேட்பார். ஐபிஎல் ஏலத் தொகையைப் பார்த்து வாயைப் பிளந்தவரும் அவர்தான். பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

இந்தப் பேச்சை அண்மையில் சூடாக்கியவை இரண்டு செய்திகள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5-6.5 என்ற கணக்கில் வென்று, 18 வயதில் உலக சதுரங்க சாம்பியன் ஆனார் சென்னையின் குகேஷ். நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் முறையாகப் பள்ளிக்குப் போகவில்லை. 2025 ஏப்ரலில் பிகாரின் சமஸ்திபூரைச் சேர்ந்த வைபவ் சூர்யவன்ஷி ஐபிஎல்லில் 35 பந்துகளில் சதம் அடித்தபோது அவருக்கு வயது 14. அன்றிலிருந்து "அவர்கள் பள்ளிக்கூடம் போயா ஜெயித்தார்கள்" என்பது மைதானத்து ஓரங்களில் ஒரு வாதமாகவே நிலைபெற்றுவிட்டது.

குகேஷும் சூர்யவன்ஷியும் பொய்யில்லை. ஆனால் அவர்களை வைத்துத் தன் பிள்ளைக்கு முடிவெடுக்கும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தன் பிள்ளை ஆடும் ஆட்டத்தில் மேலே ஏறும் படிகள் பள்ளி, கல்லூரிக்கு உள்ளே இருக்கின்றனவா, வெளியே இருக்கின்றனவா? தமிழ்நாட்டில் கபடி, கைப்பந்து, தடகளம், ஹாக்கி, கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்குப் பெரும்பகுதி படிகள் உள்ளேதான். குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோருக்கான தேசியப் போட்டிகள் என்று எல்லாவற்றுக்கும் தலைமையாசிரியரின் கையெழுத்து வேண்டும். பள்ளி முடிந்தால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள். அவற்றில் 25 வயது வரை ஆடலாம், ஆனால் ஒரு கல்லூரியில் மாணவராக இருக்க வேண்டும். ஆட்டத்துக்காகப் பள்ளியை விடும் கபடிக்காரர் பயிற்சிக்கு நாளில் ஆறு மணி நேரம் கூடுதலாகப் பெறுகிறார். அந்தப் பயிற்சியைக் காட்டும் போட்டிகளில் பாதியை இழக்கிறார். அந்தந்த விளையாட்டுச் சங்கம் நடத்தும் ஜூனியர் போட்டிகள் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன. ஆனால் ஒரே கதவை நம்பி இன்னொன்றை ஏன் அடைக்க வேண்டும்?

படிப்பை முற்றாக விட்டுவிடுவதை இந்த ஒப்பீட்டில் நான் ஒரு வழியாகவே சேர்க்கவில்லை. மீதமிருப்பவை மூன்று.

வழக்கமான பள்ளி, காலையும் மாலையும் பயிற்சி

மிகச் சாதாரணமான வழி இதுதான், மிக அலுப்பானதும் இதுதான். ஐந்தரைக்கு மைதானம், எட்டரைக்குப் பள்ளி, நாலரைக்கு மறுபடியும் மைதானம், இரவு வீட்டுப்பாடத்தின் மேலேயே தூக்கம். போட்டிகள் அரையாண்டுத் தேர்வோடு மோதும். பள்ளி முதல்வர் விளையாட்டை விரும்புகிறவராக இருந்தால் வண்டி ஓடும். தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்க்கிறவராக இருந்தால் டிசம்பரிலேயே "இனிமேல் மைதானம் வேண்டாம்" என்று ஆள் வரும். பிள்ளைகள் இந்த வழியை விட்டு ஓடுவதற்குச் சோம்பல் காரணமில்லை, தூக்கமின்மைதான் காரணம்.

இருந்தும் இது முடியாத வழி இல்லை. 2022 மே மாதம் இணையவழிப் போட்டி ஒன்றின் அரையிறுதியில் அனிஷ் கிரியை வென்று சதுரங்க வீரர் பிரக்ஞானந்தா எழுந்தபோது இரவு இரண்டு மணி. காலை எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும், பிளஸ் ஒன் தேர்வு இருக்கிறது என்று அப்போது சொன்னார். உலகின் முன்னணி ஆட்டக்காரர்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்த பையன் தேர்வு எழுதப் போனார். மேசைப்பந்தில் உலகத் தரவரிசையில் 24ஆம் இடம் வரை ஏறிய சத்தியன், சென்னையில் பொறியியல் படித்தவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மின்டனில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசன் அப்போது நாமக்கல்லில் கால்நடை மருத்துவ மாணவி. கால்நடை மருத்துவம் சும்மா வருகைப்பதிவுக்காகச் சேரும் படிப்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வழிக்கு இப்போது இரண்டு அனுகூலங்கள் உண்டு. மாநிலப் பாடத்திட்டத்தில் 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு இல்லை. ஆட்டத்துக்கு அதிக நேரம் கொடுக்க அந்த ஓர் ஆண்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சிபிஎஸ்இயில் தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போகும் மாணவருக்குப் பொதுத் தேர்வைத் தனியாக வேறு தேதியில் நடத்தும் ஏற்பாடு இருக்கிறது. பள்ளி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பல பள்ளிகள் விண்ணப்பிப்பதில்லை. பெற்றோர் கேட்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

எந்தக் குரூப் எடுப்பது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. நீட் எழுதும் எண்ணமில்லாத ஆட்டக்காரர் உயிரியலோடு கணிதம் சேர்ந்த குரூப்பில் போய் உட்கார்வது வீண் தண்டனை. வணிகவியல் படிப்பதில் எந்த இழிவும் இல்லை. விஸ்வநாதன் ஆனந்த் லயோலா கல்லூரியில் படித்தது பி.காம்.

விளையாட்டு விடுதி

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளைப் பற்றி நகரத்துப் பெற்றோருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை, தெரிந்தாலும் "அரசு விடுதியா" என்று ஒரு முகச்சுளிப்பு. கிராமத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, உபகரணம், பக்கத்துப் பள்ளியில் படிப்பு எல்லாம் அரசு செலவு. 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்க்கை நடக்கிறது. அதாவது பத்தாம் வகுப்பு முடித்தவருக்குப் பிளஸ் ஒன் சேர்க்கைதான் பள்ளிப் பருவத்தில் உள்ளே போகக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு. தேர்வுப் போட்டி அறிவிப்பு கோடை விடுமுறையை ஒட்டி வரும். "ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம்" என்று இருந்து கோட்டை விட்டவர்கள் நிறைய.

கோவில்பட்டி ஹாக்கி விடுதி இதற்கு நல்ல சாட்சி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன ஊரில் ஹாக்கி ஒரு பழைய பைத்தியம். அந்த விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணியில் ஆடினார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் தனியார் அகாடமிக்குப் பணம் கட்டி அந்த இடத்துக்குப் போயிருக்க முடியாது.

குறைகளும் உண்டு. விடுதியில் இடம் ஆட்டத்தோடு கட்டப்பட்டது. முழங்கால் தசைநார் கிழிந்து ஒன்பது மாதம் உட்கார நேர்ந்தால் அந்தப் பிள்ளை அங்கே எப்படி நடத்தப்படும் என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கபடியில் இப்படிக் காயம் படுவது அபூர்வம் இல்லை. படிப்பு எப்படி நடக்கிறது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். பயிற்சி முடித்துக் களைத்து வரும் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் தூங்கவிட்டு, தேர்ச்சி மதிப்பெண் வந்தால் போதும் என்று விட்டுவிடும் பள்ளிகள் இருக்கின்றன. வீட்டில் ஒருவர் மாதம் ஒரு முறையாவது போய் வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேச வேண்டும். பயிற்சியாளரைப் பார்ப்பது வேறு, வகுப்பாசிரியரைப் பார்ப்பது வேறு.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்த வழியின் எடை இன்னும் கூடுகிறது. பதினைந்து, பதினாறு வயதில் மைதானத்தை விட்டு வீட்டுக்குள் போகும் பெண்கள்தான் அதிகம். விடுதியில் சேர்ந்த பெண்ணைப் படிப்பை முடிக்கும் வரை வீட்டில் யாரும் கல்யாணப் பேச்சோடு நெருங்குவதில்லை. இதை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதாது. ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

முழுநேர அகாடமி, திறந்தநிலைப் பள்ளி

பயிற்சியாளர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பது இதைத்தான். நாள் முழுவதும் அகாடமி, படிப்புக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. இந்தத் திறந்தநிலைப் பள்ளியைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று, அந்தச் சான்றிதழ் செல்லாது என்பது. செல்லும், கல்லூரிக்கும் போகலாம். இன்னொன்று, அது சுலபம் என்பது. ஐந்து பாடங்கள், ஆண்டுக்கு இரண்டு தேர்வுப் பருவங்கள், ஐந்து ஆண்டுப் பதிவுக்காலத்துக்குள் ஒன்பது வாய்ப்புகள், ஒவ்வொரு பாடமாகவும் எழுதித் தேறலாம். ஏற்பாடு அருமையானது. ஆனால் மணி அடிக்கவும் ஆளில்லை, "ஏன் வரவில்லை" என்று கேட்கவும் ஆளில்லை. அக்டோபரில் போட்டி, ஏப்ரலில் முகாம் என்று தள்ளிக்கொண்டே போய், பதினெட்டு வயதில் பார்த்தால் ஒரு பாடம்கூடத் தேறியிருக்க மாட்டார்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு டியூஷன் ஆசிரியரை அமர்த்தாமல் இந்த வழியில் இறங்குவது, படிப்பை நிறுத்திவிட்டு நிறுத்தவில்லை என்று சொல்லிக்கொள்வதுதான்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? சதுரங்கம், டென்னிஸ், ஓரளவு பேட்மின்டன். இவற்றில் தரவரிசைப் போட்டிகளுக்குப் பள்ளியின் பெயர் தேவையில்லை. நுழைவுக்கட்டணமும் பயணச்செலவும் இருந்தால் போதும். வயதும் இங்கே இரக்கம் காட்டாது. குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 ஆண்டு 7 மாதம். எனவே சதுரங்கத்தில் பள்ளியை விடுவதால் ஆட்டத்துக்கு நட்டமில்லை என்பது உண்மைதான்.

ஆனால் குகேஷின் வீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தந்தை காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவர். மகனோடு நாடுநாடாகப் போவதற்காகத் தொழிலை ஒதுக்கிவைத்தார். தாய் நுண்ணுயிரியலாளர், வீட்டை அவர் சம்பாத்தியம் தாங்கியது. அப்படியும் பணம் போதாமல் நண்பர்கள் உதவினார்கள் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆட்டம் கைகொடுக்காமல் போயிருந்தால் அந்தத் தந்தை மறுபடி மருத்துவமனைக்குத் திரும்பியிருக்கலாம். வீட்டை அடமானம் வைத்து அகாடமிக் கட்டணம் கட்டும் தந்தைக்கு அந்த வசதி கிடையாது. குகேஷ் எடுத்த துணிச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதற்கு அடியில் விரித்திருந்த வலையைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொரு கணக்கு. இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர்களின் எண்ணிக்கை 85ஐத் தாண்டிவிட்டது. அவர்களில் மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். பட்டம் பெருமை தரும், சம்பளம் தராது. பரிசுப் பணத்தில் மட்டும் வாழ முடிகிறவர்கள் உச்சியில் இருக்கும் சிலர். மற்றவர்கள் பயிற்சி கொடுத்துப் பிழைக்கிறார்கள். அதுவும் கௌரவமான தொழில்தான். ஆனால் பெற்றோர் கனவு கண்டது அதைத்தானா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். என் கணிப்பில், பதினைந்து வயதில் சர்வதேச மாஸ்டர் பட்டமோ அதற்கான நார்ம்களோ (பட்டத்துக்குத் தகுதியாக எண்ணப்படும் போட்டிச் சாதனைகள்) கையில் இல்லாத பிள்ளைக்குச் சதுரங்கத்திலும் பள்ளியை விட அவசரமில்லை.

அகாடமி வழியில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஆபத்து ஒன்று இருக்கிறது. "முழுமையாக என்னிடம் விட்டுவிடுங்கள்" என்பதன் பொருள், பதினைந்து வயதுப் பிள்ளையின் நாள் முழுவதும் ஒரே பெரியவரின் கையில் இருக்கும் என்பது. 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் கைதானதை மறந்துவிடக் கூடாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வகுப்பாசிரியர், தோழிகள், சத்துணவு அக்கா என்று இன்னும் நாலு பேரின் கண் படுகிறது. பள்ளியை நிறுத்தும்போது அந்தக் கண்களும் போய்விடுகின்றன.

கிரிக்கெட்டுக்கு ஒரு தனிக் கணக்கு

கிரிக்கெட் இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. 16, 19, 23 வயதுக்கு உட்பட்டோர் அணிகளை மாநிலக் கிரிக்கெட் சங்கம் தேர்வு செய்கிறது, பள்ளி கட்டாயமில்லை. ஆனால் பள்ளியை விடுவதால் கிடைப்பதும் அதிகமில்லை. ஐபிஎல்லில் 10 அணிகள், ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டவர் 8 பேர் வரை. ஆக நாடு முழுவதற்கும் இந்தியர்களுக்கு 170 இடங்கள், அல்லது அதற்குச் சற்று மேல். மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் புதியவருக்கு ஒரு நாள் ஊதியம் 40,000 ரூபாய். லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களிலும் பதினொருவரில் ஒருவராக ஆடினால் சுமார் 11 லட்சம். நல்ல வருமானம்தான். தமிழ்நாட்டில் அது முழுதாகக் கிடைப்பது ஓர் ஆட்டத்தில் இறங்கும் பதினொரு பேருக்கு, அதுவும் அணியில் இருக்கும் வரை.

தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டின் வரலாறும் அவசரத்துக்கு எதிராகவே இருக்கிறது. முன்னாள் இந்திய வீரர்கள் வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர்கள். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஸ்வின் தகவல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படித்து, 25 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். வருண் சக்கரவர்த்தி பதினேழு வயதில் கிரிக்கெட்டையே விட்டவர். கட்டடக்கலை படித்து, அந்த வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். 20 லட்சம் அடிப்படை விலையில் இருந்த அவரை 2019 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த இளைஞராகத்தான் சென்னைக்கு வந்து லீக்கில் சேர்ந்தார். பதினாறு வயதில் பள்ளியை விடாவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்று கிரிக்கெட் பயிற்சியாளர் யாராவது சொன்னால், அவருடைய கட்டண ரசீதைக் கொஞ்சம் கவனமாகப் பார்ப்பது நல்லது.

பதக்கமும் பட்டமும் சேரும் இடம்

வெற்றி பெறாதவர்களும் எங்காவது வேலைக்குப் போக வேண்டும். அங்கேதான் மூன்று வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் பணக்கணக்காகத் தெரிகிறது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டைப் பாருங்கள். வயது 18 முதல் 25. பத்தாம் வகுப்பு மட்டும் இருந்தால் முதல் நிலைப் பணி, அடிப்படைச் சம்பளம் 18,000. பிளஸ் டூ இருந்தால் அடுத்த நிலைகள், தொடக்கம் 19,900. பட்டமும் அதற்கேற்ற பதக்கமும் இருந்தால் நான்காம், ஐந்தாம் நிலை. ஐந்தாம் நிலையின் தொடக்கம் 29,200. ஒரே ரிலே அணியில் ஓடிய நால்வர் வேறுவேறு சம்பளத்தில் சேர்வதற்குக் கால்கள் காரணமாக இருப்பதில்லை. தமிழக அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. அங்கேயும் பதவிக்கேற்ற கல்வித் தகுதி கேட்கப்படும். "கடைசியில் பி.டி. வாத்தியாராகப் போய்விடுவேன்" என்பவருக்கும், அதற்கான உடற்கல்விப் படிப்பான பி.பி.எட். சேரப் பட்டம் வேண்டும்.

கல்லூரியில் சேர்வதற்கும் இதே கதைதான். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும் அறையில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் பல மயக்கங்கள் தெளியும். கோப்பு அரை அடி தடிமனில் இருக்கும், ஒவ்வொன்றும் லேமினேட் செய்யப்பட்டிருக்கும். அலுவலர் அமைதியாகப் புரட்டி இரண்டோ மூன்றோ எடுத்து வைப்பார். மீதியைத் திருப்பித் தருவார். அங்கீகாரம் இல்லாத தனியார் போட்டிகள், 'அகில இந்திய' என்று பெயர் வைத்து பக்கத்து மாவட்டத்தில் நடத்திய ஆட்டங்கள் எல்லாம் அந்தக் கட்டில் இருக்கும். எடுத்து வைத்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் பள்ளி அணிக்காக ஆடியது.

என் முடிவு

கபடி, தடகளம், ஹாக்கி, கைப்பந்து ஆடும் பிள்ளைக்கு விடுதியில் இடம் கிடைத்தால் தயங்காமல் விடுதி. கிடைக்காவிட்டால் வழக்கமான பள்ளி. பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, அங்கே ஓ.டி. (போட்டி நாட்களுக்கு வருகைப்பதிவுச் சலுகை) வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகப் போட்டிகள். கிரிக்கெட்டுக்குப் பள்ளி, கல்லூரி. 23 வயது வரை முயன்று பார்க்க அவகாசம் உண்டு. டென்னிஸ், பேட்மின்டன், சதுரங்கம் ஆகியவற்றில் தேசியத் தரவரிசையில் ஏற்கெனவே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும், வீட்டின் ஒரு சம்பளத்தைத் தொடாமல் செலவைத் தாங்க முடியுமானால், அகாடமியும் திறந்தநிலைப் பள்ளியும். தரமான இறகுப்பந்து ஒரு டப்பா இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் இந்தக் கடைசி நிபந்தனையை நான் தளர்த்த மாட்டேன்.

அகாடமிதான் என்று முடிவாகிவிட்டால், பணம் கட்டும் முன் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை சில. ஜெயித்தவர்களின் படம் சுவரில் மாட்டியிருக்கும். ஐந்து ஆண்டுக்கு முன் இங்கே முழுநேரமாகச் சேர்ந்த மற்றவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். காயம் பட்டால் கட்டணம் என்ன ஆகும் என்று கேளுங்கள். தேர்வு மாதத்தில் பிள்ளையை விடுவாரா என்று கேட்டு, எழுதியும் வாங்குங்கள். பிறகு, பயிற்சியாளரும் பெரியப்பாவும் இல்லாத ஒரு மாலையில் பிள்ளையிடம் கேளுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லப் பயப்படும் பிள்ளைகள் நிறைய. தனக்காக இத்தனை செலவழித்தவர்களிடம் அதைச் சொல்வது அவர்களுக்குச் சுலபமில்லை.

சேர்ந்த பிறகும் முதல் ஆறு மாதத்துக்குப் பள்ளியிலிருந்து டி.சி. வாங்க வேண்டாம். பிளஸ் ஒன்னில் பெயரைச் சேர்த்துவிட்டு, நீண்ட விடுப்பு பற்றித் தலைமையாசிரியரிடம் நேரில் பேசிப் பாருங்கள். ஒப்புக்கொள்ளும் தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக அந்தப் பிள்ளை போன ஆண்டு பள்ளிக்கு ஒரு கோப்பை வாங்கித் தந்திருந்தால்.